விலையைச் சொல்வது யார்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உரிமம் பெற்று நடக்கும் பாலியல் விடுதி ஒன்றைத் தொலைபேசியில் அழைத்து, எவ்வளவு ஆகும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. நேரில் வாருங்கள் என்பார்கள். நேரில் போனாலும் பல விடுதிகளின் வரவேற்பறையில் விலைப்பட்டியல் தொங்காது. மணி அடிக்கும்; அந்த நேரத்தில் வேலையில் இருக்கும் பெண்கள் வரிசையாக வந்து நின்று தொழிலுக்காக வைத்துக்கொண்ட பெயரைச் சொல்வார்கள். வந்தவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருடைய அறைக்குப் போய், கதவு சாத்தப்பட்ட பிறகே பணப்பேச்சு தொடங்கும். என்ன, எவ்வளவு நேரம், எவ்வளவு தொகை என்பதில் இருவரும் ஒத்துப்போனால் பணம் காசாளரிடம் கட்டப்படும். நேரக் கணக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். ஒத்துவரவில்லை என்றால் யாரும் யாருக்கும் கடன்படவில்லை. வந்தவர் எழுந்து போகலாம்.

இந்தச் சில நிமிடப் பேரத்தில் எதைக் கண்டால் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் வாடிக்கையாளரின் பணப்பையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நெவாடா, ஜெர்மனி, நெதர்லாந்து, நியூசிலாந்து, வங்கதேசம் என, சட்டம் இத்தொழிலை ஏதோ ஒரு வகையில் அனுமதித்த இடங்களின் அனுபவத்தை அருகருகே வைத்துப் பார்த்தால் கேள்வியே வேறாகிவிடுகிறது. தொகை கூடுதலா குறைவா என்பது இரண்டாம் பட்சம். அதைச் சொல்வது யார், அதை மறுக்கும் வாய்ப்பு யாருக்கு இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் ஏமாற்றப்படும் இடமும் பெண் சுரண்டப்படும் இடமும் பல நேரங்களில் ஒரே இடமாகத்தான் இருக்கின்றன.

நெவாடாவைப் பற்றி முதலில் களைய வேண்டிய தவறான எண்ணம் ஒன்று உண்டு. லாஸ் வேகாஸ் நகரில் பாலியல் தொழில் சட்டபூர்வமானது அல்ல. 7 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளில், அதாவது மாவட்டங்களில், விடுதிகளுக்கு உரிமம் தரக்கூடாது என்கிறது மாநிலச் சட்டம். லாஸ் வேகாஸ் அடங்கிய கிளார்க் கவுண்டி அந்த வரம்பைத் தாண்டியது. ரீனோ நகரம் உள்ள வாஷோ கவுண்டி தானாகவே தடை விதித்திருக்கிறது. 1971-இல் ஸ்டோரி கவுண்டி முஸ்டாங் ராஞ்ச் விடுதிக்கு உரிமம் வழங்கியதில் தொடங்கிய இந்த ஏற்பாடு, இன்று கிராமப்புறக் கவுண்டிகளில் 20 விடுதிகள் அளவிலேயே நிற்கிறது. லாஸ் வேகாஸிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, நை கவுண்டியின் பாரம்ப் ஊரில் இருக்கும் ஷெரீஸ் ராஞ்ச், சிக்கன் ராஞ்ச் ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. ஆகவே லாஸ் வேகாஸ் ஓட்டல் அறையில், இங்கே எல்லாம் சட்டப்படிதான் என்று யாராவது விலை சொன்னால் அதுவே முதல் அபாய அறிகுறி. அங்கே மருத்துவப் பரிசோதனையும் கிடையாது, காசாளரும் கிடையாது, பிரச்சினை என்றால் இரு தரப்பிலும் யாரும் காவல் நிலையம் போகவும் முடியாது.

உரிமம் பெற்ற விடுதியில் விலைப்பட்டியல் வைக்காததற்கு நிர்வாகங்கள் சொல்லும் காரணம், பெண்கள் தங்கள் ஊழியர்கள் அல்ல, சுயமாகத் தொழில் செய்யும் ஒப்பந்ததாரர்கள் என்பது. ஆகவே விலையை அவர்களே முடிவு செய்கிறார்கள். காகிதத்தில் இது பெண்ணின் கையில் அதிகாரம் தருவதுபோலத் தெரிகிறது. ஆனால் பேசி முடித்த தொகையில் வழக்கமாகச் சரிபாதி விடுதிக்குப் போகிறது. மீதியிலிருந்துதான் பல விடுதிகளில் தங்கும் அறைக்கும் சாப்பாட்டுக்கும் கட்டணம், வாராந்திர மருத்துவப் பரிசோதனைக்கான செலவு, ஷெரீஃப் எனப்படும் கவுண்டிக் காவல் தலைவரின் அலுவலகம் வழங்கும் பணி அட்டைக்கான கட்டணம் எல்லாம் போக வேண்டும். ஊழியர் இல்லை என்பதால் மருத்துவக் காப்பீடு, வேலையின்மைப் படி போன்றவற்றுக்கு நிர்வாகம் பொறுப்பேற்பதில்லை. 1,000 டாலருக்குப் பேரம் முடிந்தது என்று வெளியே வந்து சொல்பவர், அந்தப் பெண் 1,000 டாலர் சம்பாதித்ததாகவே எண்ணுகிறார். அவர் கைக்கு வருவது 500-க்கும் குறைவு.

இதில் இன்னொரு பங்காளியும் உண்டு. விமான நிலையத்திலிருந்தோ சூதாட்ட விடுதியிலிருந்தோ ஆளை ஏற்றி வரும் டாக்ஸி ஓட்டுநருக்கும் லிமோசின் ஓட்டுநருக்கும் கமிஷன் கொடுப்பது இத்தொழிலில் நெடுநாள் பழக்கம். சொந்தக் காரில் வந்தவரிடம் சொல்லும் தொகையும் டாக்ஸியில் வந்தவரிடம் சொல்லும் தொகையும் வேறுபடுவதற்கு இதுவே காரணம். வாடிக்கையாளர் பார்வையில் இது வெறும் கூடுதல் செலவு. பெண்ணின் பார்வையில், தான் சந்தித்தே இராத ஒருவருக்குத் தன் உழைப்பிலிருந்து போகும் பங்கு. ஒரு விலைக்குள் எத்தனை பேரின் பங்கு ஒளிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குப் பேரம் பேசும் பெண்ணின் கை கட்டப்பட்டிருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நிற்கிறார், அல்லது ஏன் அவ்வளவு அவசரமாக இறங்கி வருகிறார் என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விடுதி அறைகளில் இருக்கும் இன்டர்காம் என்ற பேச்சுக் கருவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெவாடாவின் பல விடுதிகளில் அறையில் நடக்கும் பேரத்தை நிர்வாகம் அதன் வழியே ஒட்டுக்கேட்பது வழக்கமாக இருந்தது. 2005-இல் பார்பரா பிரெண்ட்ஸ், கேத்ரின் ஹவுஸ்பெக் ஆகிய இரு சமூகவியலாளர்கள் நெவாடா விடுதிகளில் வன்முறை குறித்து எழுதிய ஆய்வு இதைப் பாதுகாப்பு ஏற்பாடுகளின் பகுதியாகப் பதிவு செய்கிறது. அறைக்குள் ஆபத்துக்கால அழைப்பு பொத்தான், காது கொடுத்துக் கேட்கும் மேலாளர், கூப்பிட்டால் வரும் ஷெரீஃப் ஆகிய மூன்றும் சேர்ந்து, தெருவில் நின்று தொழில் செய்வதைவிட இந்த அறைகளைப் பாதுகாப்பானவை ஆக்குகின்றன என்பது அவர்கள் முடிவு. அதே இன்டர்காம்தான், பெண் எவ்வளவுக்குப் பேசினார், அதை அப்படியே காசாளரிடம் கட்டினாரா என்று கண்காணிக்கவும் உதவுகிறது. பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே கம்பியில் ஓடுகின்றன. இதற்கு நேர் எதிர்த் தரப்பில், மெலிசா ஃபார்லி 2007-இல் வெளியிட்ட ஆய்வு நிற்கிறது. 8 சட்டபூர்வ விடுதிகளில் 45 பெண்களைப் பேட்டி கண்ட அவர், 81 சதவீதத்தினர் இத்தொழிலிலிருந்து வெளியேற விரும்பியதாக எழுதினார். ஃபார்லி பாலியல் தொழிலையே ஒழிக்க வேண்டும் என்று இயங்குபவர். அவர் ஆய்வு முறை குறித்துக் கடும் விமர்சனங்கள் உண்டு. இரண்டு ஆய்வுகளையும் படித்தவருக்கு ஒன்று விளங்கும்: ஒரு விடுதி பாதுகாப்பானதாக இருந்துகொண்டே சுரண்டுவதாகவும் இருக்க முடியும். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை.

பேரத்தின்போது எழக்கூடிய பேச்சுகளில் மிகத் தெளிவான அபாய அறிகுறி ஆணுறையைப் பற்றியது. ஆணுறை இல்லாமல் என்றால் கூடுதலாகத் தருகிறேன் என்று வாடிக்கையாளர் சொன்னாலும், அப்படி ஒரு விலையை மறுபக்கத்திலிருந்து யாராவது முன்வைத்தாலும், அங்கே ஏதோ கெட்டுப்போயிருக்கிறது. நெவாடா விடுதிகளில் 1988 முதல் ஆணுறை கட்டாயம். ஜெர்மனியில் 2017 சட்டம் அதை வாடிக்கையாளரின் கடமையாகவும் ஆக்கியது. இந்தக் கூடுதல் தொகை கற்பனை அல்ல. பால் கெர்ட்லர், மனிஷா ஷா, ஸ்டெஃபானோ பெர்டோஸி ஆகியோர் மெக்சிகோவில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஆணுறை இல்லாத உறவுக்கு 23 சதவீதம் அதிகத் தொகை கிடைத்தது தெரிந்தது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் விஜயேந்திர ராவும் சக ஆய்வாளர்களும் செய்து 2003-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஆணுறையை வற்புறுத்திய பெண்கள் தங்கள் வருமானத்தில் 66 முதல் 79 சதவீதம் வரை இழந்தார்கள். உயிரைக் காத்துக்கொள்வதற்கு ஒரு பெண் தன் வருமானத்தில் முக்கால் பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதே இந்த எண்களின் பொருள். சட்டம் கட்டாயமாக்கும்போது அந்தப் பேரமே மேசையிலிருந்து அகற்றப்படுகிறது. அதனால்தான் அந்த விதி விலை தொடர்பான விதியும் ஆகிறது.

பேசி முடித்த பிறகு விதியை மீறுவது வெறும் வாக்குத் தவறல் அல்ல. நியூசிலாந்தின் விடுதி ஒன்றில், பெண் மறுத்தும் நடுவே ஆணுறையை அகற்றிய வாடிக்கையாளர் ஒருவரை 2021-இல் நீதிமன்றம் பாலியல் வன்புணர்வுக் குற்றவாளி என்று தீர்மானித்து, மூன்று ஆண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்தது. பணம் கொடுத்தது எதற்கும் அனுமதி ஆகிவிடாது என்பதை அந்தத் தீர்ப்பு ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது.

மலிவு விலை எப்படி அபாய அறிகுறி ஆகும் என்பதை ஜெர்மனியைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

2002-இல் ஜெர்மனி பாலியல் தொழிலாளியின் கட்டணத்தைச் சட்டப்படி கோரக்கூடிய உரிமையாக ஏற்றது. அந்தக் கட்டணக் கோரிக்கையை வேறு யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது; அவரே தம் பெயரில்தான் கேட்க முடியும் என்றும் எழுதியது. தரகர் கையில் அது சிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம் அதில் தெரிகிறது. நடைமுறையில் நடந்தது வேறு. 2009-இல் ஸ்டுட்கார்ட் அருகே ஃபெல்பாக் நகரில் திறக்கப்பட்ட விடுதி ஒன்று, பகலில் 70 யூரோ கட்டினால் போதும், எத்தனை முறையானாலும் எத்தனை பெண்களானாலும் கூடுதல் கட்டணம் இல்லை என்று விளம்பரம் செய்தது. ஒரே தொகைக்கு எல்லாம் என்ற அந்தத் திட்டத்தில் பேரம் என்பதே இல்லை. வாடிக்கையாளருக்கு அது வசதி. பெண்ணுக்கோ, இன்னொருவர் வாங்கி வைத்த பணத்துக்கு வரும் ஒவ்வொருவரையும் மறுக்க முடியாத நிலை. அதே ஆண்டு ஜூலையில் காவல்துறை பெரும் படையோடு சோதனையிட்டது, விடுதி மூடப்பட்டது. 2017-இல் நடைமுறைக்கு வந்த பாதுகாப்புச் சட்டம், பாலியல் சுயநிர்ணயத்துக்கு முரணான தொழில் திட்டங்களுக்கு உரிமம் மறுக்க வழி செய்தது. சேவையின் தன்மையையும் அளவையும் பெண்ணும் வாடிக்கையாளரும் மட்டுமே முடிவு செய்ய வேண்டும், நிர்வாகி கட்டளையிடக்கூடாது, வாடகையும் கட்டணமும் அளவுக்கு மீறி வாங்கக்கூடாது என்றும் அது சொல்கிறது.

வாடகையைப் பற்றிய அந்த விதி ஏன் தேவைப்பட்டது? ஜெர்மனியின் பல விடுதிகளில் பெண்கள் அறையை நாள் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறார்கள். பெருநகரங்களில் நாளொன்றுக்கு 100 யூரோவுக்கு மேல் போவது சாதாரணம். நம் ஊரில் வாடகை ஆட்டோ ஓட்டுபவர், முதலாளிக்குக் கட்ட வேண்டிய தொகையைச் சம்பாதித்து முடிக்கும் வரை வண்டியை நிறுத்த முடியாததுபோல, அந்தப் பெண்ணும் வாடகையை ஈடுகட்டும் வரை தனக்காகச் சம்பாதிக்கத் தொடங்குவதில்லை. முதல் மூன்று நான்கு பேரின் பணம் கட்டடத்துக்கே போகிறது. கூட்டம் குறைந்த நாளில், இரவு ஏற ஏற, அவர் கேட்கும் விலை இறங்குகிறது. முன்பு மறுத்தவற்றுக்கும் சம்மதிக்கிறார். பேரத்தில் வென்றுவிட்டதாக அந்த நேரத்தில் மகிழும் வாடிக்கையாளர், உண்மையில் வாடகை பாக்கி ஒன்றோடுதான் பேரம் பேசியிருக்கிறார்.

பளபளப்பும் உத்தரவாதம் அல்ல. ஸ்டுட்கார்ட் அருகே இயங்கிய 'பாரடைஸ்' என்ற பெரிய விடுதி, சுத்தமான, நேர்மையான தொழிலுக்கு முன்மாதிரி என்று தன்னைக் காட்டிக்கொண்டது. அதன் உரிமையாளர் தொலைக்காட்சி விவாதங்களில் அதற்காக வாதாடினார். பெண்களும் நுழைவுக் கட்டணம் கட்டித்தான் உள்ளே போனார்கள். அங்கே வேலை செய்த பெண்களில் சிலரை மோட்டார் சைக்கிள் கும்பல்களைச் சேர்ந்த ஆட்கள் கட்டாயப்படுத்தி அனுப்பி, பணத்தைப் பிடுங்கியது பின்னர் வெளிவந்தது. ஆள்கடத்தலுக்குத் துணைபோனதற்கும் மோசடிக்குமாக 2019 பிப்ரவரியில் உரிமையாளருக்கு ஐந்து ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. ஆம்ஸ்டர்டாமின் கண்ணாடிச் சன்னல் அறைகளிலும் இதே கதைதான். நெதர்லாந்தில் விடுதித் தடை 2000 அக்டோபரில் நீக்கப்பட்டது. 2008-இல் விசாரணைக்கு வந்த ஸ்னீப் வழக்கில், உரிமம் பெற்ற சன்னல்களுக்குப் பின்னால் நின்ற பெண்களை ஒரு கும்பல் அடித்து மிரட்டி, தினசரி வசூல் இலக்கு வைத்து வேலை வாங்கியது அம்பலமானது. உரிமம் சுவரில் மாட்டப்பட்டிருந்தது. பெண்ணின் வருமானம் தெருமுனையில் நின்றவன் கைக்குப் போனது.

அப்படியானால் வாடிக்கையாளர் எதைக் கவனிக்க வேண்டும்? பெண் தொகை சொல்லும் முன் வேறு யாரையாவது பார்க்கிறாரா, விலையை அவருக்குப் பதில் மற்றொருவர் சொல்கிறாரா, மொழி தெரியாமல் இரண்டு மூன்று எண்களை மட்டும் மனப்பாடமாகச் சொல்கிறாரா, உடம்பில் காயம் இருக்கிறதா, எதற்கும் மறுப்பே சொல்லாமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாரா? கடைசியில் சொன்னதைப் பலர் நல்ல அறிகுறியாக நினைக்கிறார்கள். எல்லைகளைத் தெளிவாகச் சொல்லி, இது உண்டு, இது கிடையாது, தொகை இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று கறாராகப் பேசும் பெண்தான் தன் தொழிலைத் தானே நடத்துகிறார். கறார்ப் பேச்சைக் கண்டு முகம் சுளிப்பவர், அதுதான் இரு தரப்புக்கும் பாதுகாப்பு என்பதை உணர்வதில்லை. ஜெர்மனியில் இது மனச்சாட்சி சார்ந்த விஷயம் மட்டும் அல்ல. கட்டாயத்துக்கு ஆளான ஒருவரிடம் தெரிந்தே போகும் வாடிக்கையாளரை 2016 முதல் குற்றவியல் சட்டம் தண்டிக்கிறது. 2021-இல் அது மேலும் இறுக்கப்பட்டது. கண்முன் இருந்த அறிகுறிகளை அலட்சியப்படுத்தியவரும் இப்போது குற்றவாளி ஆகலாம்.

வாடிக்கையாளர் ஏமாறுவதும் நடக்கிறதுதான். ஹாம்பர்க்கின் சாங்ட் பவுலி பகுதியில் மலிவு விலை சொல்லி உள்ளே இழுத்து, பிறகு மதுபானத்தின் பெயரில் பெருந்தொகைப் பில் நீட்டும் மதுக்கூடங்கள் பேர்போனவை. முழுத் தொகையைச் சொல்லாமல் இதிலிருந்து ஆரம்பம் என்று மட்டும் சொல்வது, நேரத்தைக் குறிப்பிடாதது, குடித்திருப்பவரிடம் கடன் அட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்க்கச் சொல்வது, ரசீது தர மறுப்பது எல்லாம் எந்தத் தொழிலிலும் மோசடியின் அடையாளங்களே. ஆனால் ஏமாற்றப்படுவது பெண்களும்தான். ஸ்விட்சர்லாந்தில், பேசிய 2,000 ஃபிராங்கைக் கொடுக்காமல் போன ஒருவர் மீதான மோசடித் தண்டனையைக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2021-இல் உறுதி செய்தது. ஒழுக்கக்கேடான ஒப்பந்தத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது என்ற பழைய வாதம் அங்கே எடுபடவில்லை.

வங்கதேசத்தின் தௌலத்தியாவுக்கு வந்தால் பேரம் என்ற சொல்லே பொருளிழந்துவிடுகிறது. பத்மா ஆற்றுப் படகுத்துறையை ஒட்டிய அந்தக் குடியிருப்பு நாட்டின் மிகப் பெரிய விடுதிப் பகுதி. 2000-ஆம் ஆண்டில் டாக்கா உயர் நீதிமன்றம் பாலியல் தொழிலை வாழ்வாதாரமாக மேற்கொள்வது சட்டவிரோதம் அல்ல என்று கூறியது. 18 வயது நிரம்பியவர் என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். ஆனால் அங்கே 'சுக்ரி' எனப்படும் இளம் பெண்கள், தங்களை விலைக்கு வாங்கிய 'சர்தார்னி'யின் கடனை அடைக்கும் வரை ஒரு காசும் கையில் பெறாமல் உழைக்கிறார்கள். விலை சொல்வதும் பணம் வாங்குவதும் சர்தார்னிதான். வயதைக் கூட்டிக் காட்டவும் உடலைப் பூசினாற்போல் ஆக்கவும் மாடுகளைக் கொழுக்க வைக்கப் பயன்படும் ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுக்கப்படுவதை ஆக்‌ஷன் எய்டு அமைப்பு 2010-இல் வெளிக்கொண்டு வந்தது. அந்த இடத்தில் மலிவான விலைக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறுமியின் அடிமைக் கடன். அதைக் கண்டும் காணாததுபோல் பேரம் பேசுவதை எந்தச் சட்ட அனுமதியும் நியாயப்படுத்தாது.

இந்தியாவில் உரிமம் பெற்ற விடுதி என்று ஒன்று கிடையாது. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொழிலையே தண்டிக்கவில்லை என்றாலும் விடுதி நடத்துவதையும் அதிலிருந்து பிழைப்பதையும் குற்றமாக்கியது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், தாமாக விரும்பி இத்தொழிலில் இருக்கும் வயதுவந்தவர்களைக் காவல்துறை துன்புறுத்தக்கூடாது என்று வழிகாட்டியது. கண்ணியத்தை நோக்கிய பெரிய முன்னேற்றம் அது. கட்டணத்துக்கான உரிமை அதில் இல்லை.

பேரத்தில் பெண்ணின் பக்கம் மிக அழுத்தமாக நின்ற சட்டம் நியூசிலாந்துடையது. 2003 ஜூனில் 60-க்கு 59 என்ற ஒற்றை வாக்கு வித்தியாசத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அது, பாலியல் சேவைக்கான ஒப்பந்தம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில், என்ன ஒப்பந்தம் இருந்தாலும் எந்த நேரத்திலும் மறுக்கலாம் என்று 17-ஆம் பிரிவில் எழுதியது. பணம் வாங்கிய பிறகும் மறுக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்பது வேறு வழக்கு. உடலைக் கேட்க முடியாது. இந்த அடித்தளம் இருந்ததால்தான் 2014-இல் வெலிங்டன் பெண் ஒருவர், தன்னைப் பாலியல்ரீதியாகத் தொல்லை செய்த விடுதி நிர்வாகிக்கு எதிராக மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் வழக்காடி 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற முடிந்தது. பெல்ஜியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2024 டிசம்பர் முதல் அங்கே பாலியல் தொழிலாளர்கள் வேலை ஒப்பந்தத்தில் சேரலாம். மருத்துவ விடுப்பும் ஓய்வூதியமும் உண்டு, மறுத்ததற்காக வேலையிலிருந்து நீக்க முடியாது.

ஆனாலும் நியூசிலாந்துச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவின்படி தற்காலிக விசாவில் வந்தவர்கள் இத்தொழில் செய்தால் நாடு கடத்தப்படலாம். ஆள்கடத்தலைத் தடுக்கச் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதன் விளைவு, விலையைக் குறைக்காவிட்டால் குடிவரவுத் துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டும் வாடிக்கையாளருக்கு அப்படி விசாவில் வந்த பெண் பணிய வேண்டியிருப்பதுதான். 17-ஆம் பிரிவு தரும் மறுக்கும் உரிமையைப் பயன்படுத்த அவர் காவல் நிலையத்தின் படியேற வேண்டும். ஏறினால் 19-ஆம் பிரிவு காத்திருக்கிறது. 1987 முதல் இயங்கிவரும், கேத்தரின் ஹீலி தலைமையில் 2003 சட்டத்துக்காகவே போராடி வென்ற நியூசிலாந்து பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பு, இப்போது அந்த ஒரு பிரிவை நீக்கக் கோரி ஆண்டுக்கணக்கில் வாதாடி வருகிறது.